15 அங்குலம் கேட்டேன், 18 அங்குலத்தை மாட்டிவிட்டார்கள்: பெரிய டயர் போட இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜிம்னி, தார் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குப் பெரிய டயர் போட இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தென் மாவட்ட நகரம் ஒன்றில் அலாய் வீல் விற்கும் கடை என்னை ஏமாற்றியது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே நான் கேட்ட பேச்சு எந்தக் கடையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான். அது எங்கே பொய்யாகிறது என்பது தெரிந்திருந்தால் உங்கள் பணம் தப்பும்.

என்னுடையது ஐந்து கதவு ஜிம்னி. கம்பெனி தந்த டயர் 195/80 ஆர்15: அகலம் 195 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், உள்ளே உட்காரும் ரிம் 15 அங்குலம். சித்தப்பாவின் பனந்தோப்பு உடன்குடிப் பக்கம் தேரி மண்ணில் இருக்கிறது. பதநீர்க் காலத்தில் கருப்பட்டி ஏற்றிவர அடிக்கடி போகவேண்டும். கோடையில் அந்தச் செம்மணல் காய்ந்துவிட்டால் கால் கணுக்கால் வரை புதையும். அந்த மண்ணுக்காகத்தான் டயரை மாற்ற நினைத்தேன், அழகுக்காக அல்ல. கடைக்காரரிடமும் முதலிலேயே இதைச் சொன்னேன்.

நான் கேட்டது தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடும் ஆல்-டெரெய்ன் வகை 235/75 ஆர்15 டயர் ஐந்து, அதற்கேற்ப 15 அங்குல விட்டமும் 6.5 அங்குல அகலமும் கொண்ட வீல் ஐந்து. கம்பெனி வீலின் அகலம் 5.5 அங்குலம். 235 அகல டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும் என்பதால்தான் வீலையும் மாற்ற வேண்டியிருந்தது. அளவுகளை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். “சரி அண்ணாச்சி, வரவழைத்துவிடலாம்” என்று பதில் வந்தது. முன்பணமும் கொடுத்தேன்.

சரக்கு வந்துவிட்டது என்று அழைத்தார்கள். காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் போனால், நான்கு சக்கரங்களிலும் 18 அங்குல வீல், 225/60 ஆர்18 டயர். என் பழைய வீல்கள் கடையிலேயே இல்லை. எக்ஸ்சேஞ்சில் போய்விட்டன என்றார்கள். யாரைக் கேட்டு என்றேன். “15 இஞ்ச் வரவில்லை அண்ணாச்சி. வெளி விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். வீல் பெரிதாக இருந்தால் வண்டிக்கே ஒரு கம்பீரம்” என்றார் முதலாளி. மீதித் தொகையைக் கட்டினால்தான் சாவி. கட்டி எடுத்துவந்தேன்.

“வெளி விட்டம் ஒன்றுதான்” என்ற பேச்சு எடுபடக் காரணம், அது ஏறக்குறைய உண்மை. 235/75 ஆர்15 டயரின் மொத்த உயரம் 733 மி.மீ., 225/60 ஆர்18 டயருடையது 727. கம்பெனி டயரின் 693-ஐவிட இரண்டும் பெரியவை. பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். 235-இல் 75 சதவீதம், 176 மி.மீ. 225-இல் 60 சதவீதம், 135 மி.மீ. கம்பெனி டயரில் இருந்ததோ 195-இல் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. பெரிய டயர் என்று காசு வாங்கிக்கொண்டு, முன்பு இருந்ததைவிட 21 மி.மீ. ரப்பரைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூடியது அலுமினியம்தான்.

மணலிலும் பாறையிலும் வேலை செய்வது அந்தப் பக்கவாட்டு ரப்பர்தான். சைடுவால் என்பார்களே, அது. காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கும்போது சைடுவால் வயிறு தள்ளி, டயர் தரையில் நீளவாக்கில் படர்கிறது. வண்டியின் எடை பரவலாக இறங்குவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலேயே ஓடுகிறது. கூர்மையான கல்லில் ஏறினாலும் ரப்பர் மடங்கிக் கொடுக்கும். சைடுவால் குட்டையாக இருந்தால் காற்றை இறக்கவே பயம். இறக்கினால் ரிம் தரையை நெருங்கிவிடும்.

எனக்கு அதுதான் நடந்தது. தோப்புக்குப் போகும் வழியில் ஒரு சிறு வாய்க்கால் பாலம், அதற்குக் கான்கிரீட் விளிம்பு. மணலுக்காகக் காற்றை இறக்கியிருந்த நிலையில் மெதுவாகத்தான் ஏறினேன். டக்கென்று ஒரு சத்தம், உடனே காற்று போய்விட்டது. இறங்கிப் பார்த்தால் சைடுவாலில் ஒரு விரல் இடைவெளியில் இரண்டு கீறல்கள், இணைகோடுகள் போல. ரிம்முக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ரப்பர் நசுங்கினால் இப்படித்தான் இரட்டையாக வெட்டும். ரிம்மின் உதடும் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அதே பாலத்தில், அதே அளவு காற்றோடு, கம்பெனி டயரில் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

உடன்குடியில் பஞ்சர் கடைத் தம்பி சக்கரத்தைக் கழற்றியபோதுதான் அடுத்த மோசடி வெளியே வந்தது. டயர் தயாரான வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாகச் சைடுவாலில் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுதாக இருக்கும். என் டயர்களில் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு டயர்களில் 0821, அதாவது 2021-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். புது டயர் விலை வாங்கிக்கொண்டு, கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கைத் தேதி தெரியாதபடி மாட்டியிருக்கிறார்கள். என் கோபம் தலைக்கேறியது அந்த இடத்தில்தான்.

ஸ்டெப்னியைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஐந்து கேட்டேன், அவர்கள் நான்குதான் போட்டார்கள். பழைய ஸ்டெப்னியே போதும் என்றார்கள். ஜிம்னியில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே, அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் என்ற நான்கு சக்கர இயக்க நிலையைப் போட்டால் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். மூன்று சக்கரங்கள் 727, ஒன்று 693 என்று வைத்து நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், கெட்டித் தரையில் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடமே இல்லை. கியர்களும் ஷாஃப்டுகளும்தான் முறுக்கிக்கொள்ளும். காட்டுப் பாதைக்கென்று வண்டி வைத்திருப்பவரிடம் நான்கு போதும் என்று ஒரு கடைக்காரர் சொல்வது என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத பொறுப்பின்மை.

இனி ஆஃப்செட். வீல் வாங்கும் பலர் கேட்காமல் விடுவது இதைத்தான். வண்டியில் வீல் பதியும் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். ஜிம்னியின் கம்பெனி வீல் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் 5 மி.மீ. எனக்கு மாட்டியது 8 அங்குல அகலம், ஆஃப்செட் பூஜ்யம். ரிம்மின் ஓரம் வெளியே ஏறத்தாழ 37 மி.மீ., உள்ளே 27 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் முன்சக்கரம் உள்ளே ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் தடியில் உரசியது. வெளியே மட்கார்டைத் தாண்டி நின்றது. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங்குக்கும் முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சின் முனையில் இருக்கும் கிங்பின் பேரிங்குக்கும் சுமை கூடும், குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறும். என் பில்லில் அகலமும் இல்லை, ஆஃப்செட்டும் இல்லை. “அலாய் வீல் செட் 1” என்று மட்டும் இருந்தது.

105 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கனமான பெரிய வீலைச் சுழற்றத் திணறுகிறது. ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே குறைக்கவேண்டியிருக்கிறது. டயர் 5 சதவீதம் பெரிதானதால், மீட்டரில் 80 தெரியும்போது வண்டி முன்பைவிட 4 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடுகிறது.

அப்படியானால் எந்த வீல்? பிரேக்கில் இடிக்காமல் உட்காரும் மிகச் சிறிய ரிம் எதுவோ, அதுதான். ஜிம்னிக்குக் கம்பெனியே 15 தந்திருக்கும்போது அதற்கு மேலே போகக் காரணமே இல்லை. 215/75 ஆர்15 டயர் என்றால் கம்பெனி வீலிலேயே பொருந்தும்; வீல் வாங்கவே வேண்டாம். 235 என்றால் 6 அல்லது 6.5 அகலம், கம்பெனிக்கு நெருக்கமான ஆஃப்செட். அப்போதும் முழு வளைவில் முன் பம்பர் ஓரத்தில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். தாரில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டு அளவுகளும் கம்பெனியிலிருந்தே வந்தவை. முதலாவதில் சைடுவால் 184 மி.மீ., இரண்டாவதில் 166. தார் வைத்திருப்பவர்கள் பெரிய டயருக்குப் போகும்போது 18-ஐவிட 16-ஐ அடிப்படையாகக் கொள்வதே நல்லது. அதுவும், வீலுக்குள் பிரேக் காலிப்பருக்கு (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இடம் இருக்கிறதா என்பதை ஒரு வீலை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்குக் குட்டையான சைடுவால் திருப்பங்களில் உறுதியாக இருக்கும், மறுக்கவில்லை. நான் கேட்டது மணலுக்கு.

வீலின் உள்பக்கத்தில் ஐஎஸ்ஐ முத்திரையும் தாங்கும் எடையும் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எனக்கு மாட்டியதில் இரண்டும் இல்லை. கம்பெனி அளவிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கும். கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, “மாட்டிய சரக்கை எடுப்பதில்லை” என்றார்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் நான் எழுதிய அளவு, அவர்களின் “சரி”, பில், தேதி தெரியும் டயரின் படம், மடங்கிய ரிம்மின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அந்தக் கடையில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் டயரையும் வீலையும் கழற்றி விற்றுவிடாதீர்கள். ஆணையம் பரிசோதனைக்குக் கேட்டால் அவற்றைத்தான் காட்டவேண்டியிருக்கும்.