பழைய வீட்டுச் சுவருக்குச் சிமென்ட்டா, சுண்ணாம்பா?

பல்லாவரம், தாம்பரம் பக்கம் அடுக்குமாடிகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீடுகளை இடிக்காமல் பழுது பார்க்க நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: சிமென்ட் மலிவு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே பெரும்பாடு, கூலியும் கூடுதல்.

நாள்: சிமென்ட் சீக்கிரம் இறுகிவிடும். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருக்க வேண்டும்.

நீடித்து உழைப்பது: விஷயமே இங்கேதான். பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அதை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

புதிதாகக் கட்டும் குளியலறைக்குச் சிமென்ட் சரி. தாத்தா காலத்துச் சுவருக்கு வேண்டவே வேண்டாம். காசு போதாவிட்டால் இப்போது ஓர் அறையை மட்டும் சுண்ணாம்பில் முடித்து, மற்றதை அடுத்த கோடைக்கு வையுங்கள்.