சக்கரத்தைச் சுற்றிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்: பழைய கார் பிரேக் ஜாம் விஷயத்தில் நடந்தது

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஒரு ஒர்க்‌ஷாப் என் காரின் பிரேக்கில் பாதியை மாற்றிவிட்டதாகப் பில் போட்டுப் பணம் வாங்கியது. கோளாறு மட்டும் போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று காட்டக்கூடிய சோதனையை அவர்கள் ஒருமுறைகூடச் செய்யவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

அறிகுறிகள் தெளிவாகவே இருந்தன. கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி இடப்பக்கம் இழுக்கும். நியூட்ரலில் விட்டால் உருண்டு போகாது, சட்டென்று வேகம் செத்துவிடும். இறங்கிப் பார்த்தால் முன் இடது சக்கரத்தில் தீய்ந்த வாடை. வலது ரிம் வெதுவெதுப்பாக இருக்கும்போது இடது ரிம் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாது. ஆறவிட்டு எடுத்தால் நன்றாக ஓடும், நாலைந்து இடத்தில் பிரேக் போட்டதும் மறுபடி ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் சொல்லித்தான் வண்டியை விட்டேன். அங்கிருந்த சூப்பர்வைசர் சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "காலிப்பர் போயிருக்கும் சார், பழைய வண்டி இல்லையா" என்றார். காலிப்பர் (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்), பேட் (உரசி நிறுத்தும் கட்டை), டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) மூன்றும் மாறின. எடுக்கப் போனபோது ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார்கள். அழகாகச் சுற்றியது. வீடு வருவதற்குள் அதே வாடை. திரும்பப் போனால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம் என்றார்கள். அதற்கும் பில், அதற்கும் சுற்றிக் காட்டல், வெளியே வந்ததும் அதே கதை. கடைசியில், "பழைய வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான் சார் இருக்கும், பார்த்து ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சுற்றிக் காட்டும் வேலையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் நம்புவது அதைத்தான். புதுப் பேட் போட வேண்டுமானால் பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் ஆக வேண்டும். பிரேக் ஆயில் லைனில் காற்று எடுக்கும்போது பிளீடர் நிப்பிளை (காற்றையும் ஆயிலையும் வெளியே விட காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகு) திறந்தாலும் உள்ளே சிக்கியிருந்த அழுத்தம் வெளியேறிவிடும். இரண்டில் எது நடந்திருந்தாலும் சக்கரம் அப்போதைக்குச் சுற்றத்தான் செய்யும். அதிலிருந்து எதுவும் தெரியாது. வண்டியை ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடும்போதே பெடலை நன்றாகப் பலமுறை அழுத்தி, காலை எடுத்த உடனே சுற்றிப் பார்க்க வேண்டும். பேட் லேசாக உரசும் சத்தம் கேட்கலாம், அது தப்பில்லை. கையால் தள்ளிச் சுற்ற முடியவில்லை என்றால் பிரேக் விடவில்லை என்று அர்த்தம்.

வேறொரு மெக்கானிக், ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, "தம்பி, பெடலை நல்லா மிதிங்க. இப்ப விடுங்க" என்றார். சக்கரம் அசையவில்லை. நிப்பிளைக் கால் சுற்று திறந்தார். ஆயில் பீறிட்டு வந்தது, சக்கரம் விட்டுவிட்டது. காலிப்பரோ, அது நகர உதவும் ஸ்லைடு பின்னோ இறுகியிருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் சக்கரம் விட்டிருக்காது. ஆக, ஆயில் அழுத்தம்தான் எங்கேயோ சிக்கி நிற்கிறது. மறுபடி மிதிக்கச் சொன்னார். இந்த முறை நிப்பிளைத் தொடாமல், மாஸ்டர் சிலிண்டர் பக்கமிருந்து வரும் இரும்புக் குழாயும் காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் நட்டைத் தளர்த்தினார். சில சொட்டு வந்ததோடு சரி, சக்கரம் விடவே இல்லை. ஹோஸுக்கு முன்னால், இரும்புக் குழாய்ப் பக்கம் அழுத்தம் இல்லை, காலிப்பர் பக்கம் இருக்கிறது. அப்படியென்றால் குற்றவாளி ஹோஸ்தான். கழற்றி என் முன்னாலேயே வெட்டினார். வெளியே ஒரு விரிசல் கிடையாது, உள்ளே ரப்பர் உப்பித் துவாரம் ஏறக்குறைய மூடிக் கிடந்தது.

பெடலை மிதிக்கும்போது அழுத்தம் மிக அதிகம், அந்த அடைப்பைத் தள்ளிக்கொண்டு ஆயில் காலிப்பருக்குப் போய்விடும். திரும்பி வர அப்படி ஒரு விசை இல்லை. பிஸ்டன் சீலின் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் அந்தச் சின்ன இழுப்புதான் இருக்கிறது. அதனால் ஆயில் உள்ளேயே நின்று பேடை டிஸ்க்கோடு ஒட்டிப் பிடிக்கிறது. ஆறவிட்டால் மெல்லக் கசிந்து திரும்புவதால்தான் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது.

ஒரே சக்கரம் பிடித்தால் இப்படி. எல்லாச் சக்கரமும் சேர்ந்து பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பார்க்க வேண்டும். பெடல் விசையைக் கூட்டும் பூஸ்டரோடு அதைப் பிணைக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி முன்னால் நகர்த்தியதும் சக்கரங்கள் விட்டால், இரண்டுக்கும் நடுவில் தள்ளும் கம்பியான புஷ் ராடு நீளம் அதிகமாகி, ஆயில் திரும்பும் துவாரத்தை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மறைக்கிறது. யாராவது பிரேக் ஆயிலுக்குப் பதில் சாதாரண ஆயிலை ஊற்றியிருந்தாலும் சீல்கள் உப்பி இதே தொல்லை வரும். பின் சக்கரம் மட்டும் பிடித்தால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிள்.

பார்த்து ஓட்டுங்க என்று சொன்னதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140தான். டாட் 4 என்றால் 230, 155. உரசிக்கொண்டே ஓடும் சக்கரத்தின் சூடு காலிப்பர் வழியாக ஆயிலுக்கு வந்து, அது கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. என் காரில் ஆயில் கறுத்துப் போயிருந்தது. முழு ஆயிலும் மாற்றியதாகப் பில்லில் எழுதியிருந்தார்கள், ஆனால் பின் சக்கர நிப்பிள்களில் காய்ந்த மண்ணும் துருவும் அப்படியே இருந்தன, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அப்புறம் மாஸ்டர் சிலிண்டரை உண்மையில் மாற்றினார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பழையதைக் கேட்டதற்கு "குப்பையில் போட்டாச்சு" என்றார்கள்.

வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் நிப்பிளைத் திறந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

பெரியவர் எல்லா ஹோஸும் மாற்றி, நாலு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை பழைய ஆயிலை எடுத்தார். சூட்டில் கிரீஸ் உருகி ஓடிய இடது பேரிங்கும் மாறியது. வெட்டிய ஹோஸையும் நிப்பிள் படங்களையும் வைத்து அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கூலியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டருக்கும் பேரிங்குக்கும் சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.