போனோ ப்ரீஆம்ப் ஹம்: நீண்ட நாள் ஓட்டியபின் பவர் சப்ளை பற்றி

சேனலுக்கு ஒரு என்இ5532 பெருக்கி ஐசி, ஒரு 15-0-15 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிளஸ் பக்கத்துக்கு எல்எம்317 ரெகுலேட்டர், மைனஸ் பக்கத்துக்கு எல்எம்337. வீட்டில் போனோ ப்ரீஆம்ப் (ரெக்கார்ட் பிளேயரின் சிறு சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) கட்டுகிறவர்களில் பலர் இந்தச் சாமான்களில்தான் தொடங்குகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும், விலையும் குறைவு. சர்க்யூட்டும் நல்ல சர்க்யூட். ஆனால் வருஷக்கணக்கில் ஓட்டும்போது ஹம், அதாவது ஸ்பீக்கரில் கேட்கும் மின்சார ரீங்காரம், பற்றிய புகார் ஓயாது. பழி பெரும்பாலும் ரெகுலேட்டர் மேல்தான் விழும். கணக்குப் போட்டால் அது நியாயமில்லை என்று தெரியும்.

முதலில் ப்ரீஆம்ப் எவ்வளவு பெருக்குகிறது என்று பாருங்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் போன்ற எம்எம் (நகரும் காந்த) வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் பகுதி, தருவது 5.5 மில்லிவோல்ட். 1 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்கம் தேவை. ரெக்கார்டுகளுக்கான ஆர்ஐஏஏ திருத்த வளைவு தாழ்ந்த ஸ்வரங்களை மேலும் தூக்கும்: 50 ஹெர்ட்ஸில் கூடுதலாக 17 டெசிபெல், 100 ஹெர்ட்ஸில் 13. ஆக 50 ஹெர்ட்ஸில் மொத்தம் 700 மடங்கு. உள்ளே நுழையும் 10 மைக்ரோவோல்ட் ஹம் வெளியே 7 மில்லிவோல்ட்டாக வரும்.

இனி ரெகுலேட்டர். இரண்டு ஐசியும் எல்எம்317-இன் குறைந்தபட்சச் சுமையும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு சுமார் 26 மில்லிஆம்பியர் இழுக்கும். 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் அதனால் வரும் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் அலை) 0.12 வோல்ட். வோல்டேஜை அமைக்கும் அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் போட்டால் எல்எம்317 அதை சுமார் 80 டெசிபெல் குறைத்து 12 மைக்ரோவோல்ட் ஆக்கிவிடும். என்இ5532 தன் பங்குக்கு இன்னொரு 100 டெசிபெல் தடுக்கும். மிஞ்சுவது நானோவோல்ட்டிலும் சிறு பகுதி. யார் காதுக்கும் எட்டாது. எனவே எல்டி3045 போன்ற விலையுயர்ந்த ரெகுலேட்டர் வாங்குவது இந்தச் சர்க்யூட்டுக்கு வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. ஐசி இல்லாமல் ஒற்றை டிரான்சிஸ்டர்களில் கட்டிய ப்ரீஆம்ப் என்றால் கதை வேறு. அங்கே சப்ளை இரைச்சல் நேராகச் சிக்னலில் கலக்கும்.

அப்படியானால் ஹம் எங்கிருந்து வருகிறது? கிரவுண்டிலிருந்து. ஃபில்டர் கெப்பாசிட்டர் எப்போதும் சார்ஜ் ஆவதில்லை; ஏசி அலை உச்சிக்கு வரும் சிறு நேரத்தில் மட்டும் மொத்தமாக இழுக்கும். சராசரி 26 மில்லிஆம்பியர் என்றால் அந்தத் துடிப்பு பத்து மடங்குவரை போகும். போர்டில் 35 மைக்ரான் செம்பில் 2 மில்லிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் நீளம் உள்ள டிராக்கின் தடை சுமார் 12 மில்லிஓம். 0.26 ஆம்பியர் அதில் பாய்ந்தால் 3 மில்லிவோல்ட். கார்ட்ரிட்ஜின் கிரவுண்டு அந்த டிராக்கின் ஒரு முனையிலும் ஐசியின் கிரவுண்டு மறுமுனையிலும் இருந்தால், பாட்டுக்குச் சமமான அளவு ஹம் நேராக இன்புட்டில் ஏறிவிடும். எந்த ரெகுலேட்டரும் அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அது ரெகுலேட்டர் வழியாக வருவதே இல்லை.

வயரிங் இப்படி இருக்கட்டும். இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் டிரான்ஸ்பார்மரின் நடுக் கம்பியும் ஒரே இடத்தில், மிகக் குறுகலாகச் சேரட்டும். அந்தச் சந்திப்பில் வேறு எதையும் கட்டாதீர்கள். அங்கிருந்து ஒரே ஒரு கம்பி ரெகுலேட்டருக்கு அப்பால் உள்ள சுத்தமான கிரவுண்டுப் புள்ளிக்குப் போகட்டும். அட்ஜஸ்ட் ரெசிஸ்டர், அட்ஜஸ்ட் கெப்பாசிட்டர், ஐசிகள், இன்புட், அவுட்புட் எல்லாம் அங்கேதான் சேர வேண்டும். அட்ஜஸ்ட் கெப்பாசிட்டரின் கீழ்முனையை ஃபில்டர் பக்கம் கட்டினால் 80 டெசிபெல் தடுப்பு பாழாகும். பலர் தவறுவது இங்கேதான். ஆர்சிஏ (ஆடியோ கேபிள்) சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாதவையாக இருக்கட்டும். டர்ன்டேபிளின் தனிக் கிரவுண்டு கம்பி பெட்டிக்கு. சிக்னல் கிரவுண்டையும் பெட்டியையும் ஒரே இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டரால் இணைத்து, அதற்கு இணையாக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் எதிரெதிர்த் திசையில் இரண்டு பெரிய டயோடும் போடுங்கள். ஹம் குறைகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கு ஆபத்து. அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம். 2எம் ரெட்டின் சுருளுக்கு 700 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ். 50 ஹெர்ட்ஸ் புலத்தைப் பிடிக்க அதுவே போதும். சாதாரண ஈஐ டிரான்ஸ்பார்மரை அதே பெட்டிக்குள் வைத்துவிட்டு அலுமினியத் தகடால் மறைத்துப் பயனில்லை, 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு அந்தத் தகடு ஒரு தடையே அல்ல. தூரம்தான் மருந்து. டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்), ஃபில்டர் மூன்றையும் தனிப்பெட்டியில் வைத்து, பிளஸ், பூஜ்யம், மைனஸ், எர்த் என நான்கு கம்பிகளை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுங்கள். சார்ஜிங் துடிப்பும் அங்கேயே அடங்கிவிடும். ரெகுலேட்டருக்கு மிச்சம் பிடிக்கும் காசு இந்தப் பெட்டிக்குப் போகட்டும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் உதவாது. அவுட்புட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மட்டும் உயர்ந்து நின்றால் காந்தப்புலம் அல்லது கிரவுண்டு லூப் (கிரவுண்டு இரு வழியில் இணைந்து உருவாகும் வளையம்). 100, 200, 300 என்று வரிசையாக நின்றால் சார்ஜிங் துடிப்பு. பிறகு இன்புட்டை ஷார்ட் செய்யுங்கள். ஹம் போய்விட்டால் குற்றம் கார்ட்ரிட்ஜ் பக்கமோ கேபிளிலோ. ப்ரீஆம்ப்பின் சுவிட்சை மட்டும் அணைத்தால் கெப்பாசிட்டர் இன்னும் அரை நொடி தாங்கும். பாட்டு தொடர்ந்து, ஹம் மட்டும் உடனே நின்றால் டிரான்ஸ்பார்மர் அல்லது துடிப்பு. பாட்டோடு ஹம்மும் நீடித்தால் அது வெளியிலிருந்து வருகிறது. கடைசிச் சோதனை, பவர் சப்ளைக்குப் பதிலாக இரண்டு 9 வோல்ட் பேட்டரி. அதிலும் ஹம் இருந்தால் பவர் சப்ளையை விட்டுவிடுங்கள்.

மாலையில் மட்டும் கரகரவென்று வரும் ஹம் உண்டு. அது லோ வோல்டேஜ். லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 15-0-15 டிரான்ஸ்பார்மர் கணக்குப்படி 15.9 வோல்ட் டிசிதான் தரும். ரெகுலேட்டருக்கு அவுட்புட்டை விட 2 வோல்ட்டாவது கூடுதலாக இன்புட்டில் வேண்டும். 15 வோல்ட்டுக்கு அமைத்திருந்தால் ரிப்பிள் அப்படியே வெளியே வரும். லேசான சுமையில் டிரான்ஸ்பார்மர் சற்றுக் கூடுதலாகத் தரும், அதை நம்ப வேண்டாம். அட்ஜஸ்ட் ரெசிஸ்டர்களாக 120 ஓமும் 1 கிலோஓமும் போட்டு 11.7 வோல்ட்டுக்கு அமையுங்கள். என்இ5532-க்கு அது தாராளம். எல்எம்337-இன் கால் வரிசை எல்எம்317 போல இல்லை. உலோக முதுகும் ஒன்றில் அவுட்புட், மற்றதில் இன்புட். இரண்டையும் மைக்கா (மின்காப்புத் தகடு) இல்லாமல் ஒரே தகட்டில் திருகினால் ஷார்ட்தான்.

நாளாக நாளாக முதலில் தளர்வது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். 105 டிகிரி வகையே வாங்குங்கள், ரெகுலேட்டரின் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடலோர ஊர்களில் ஆர்சிஏ பின்னும் எர்த் திருகும் கறுத்துவிடும். பழைய ஹம் திடீரென்று திரும்பினால் ஐசியைக் கழற்றுவதற்கு முன் அந்தத் திருகைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கிப் பாருங்கள்.