குரல் வரும்வரை: த க்யூரின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தோடு ஓராண்டுக்கும் மேல்

ஆங்கிலேய ராக் இசைக்குழுவான த க்யூர் 2024 நவம்பர் 1 அன்று வெளியிட்ட இந்த ஆல்பத்தை அன்றிலிருந்தே கேட்டு வருகிறேன். முதல் வாரத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தால் அது ஆல்பத்தைப் பற்றியதாக இல்லாமல், அதன் வருகையைப் பற்றியதாகவே இருந்திருக்கும். அப்போது ரசிகர்கள் பேசியதும் பெரும்பாலும் வருகையைத்தான். 2008 அக்டோபரில் ‘4:13 ட்ரீம்’ வந்த பிறகு 16 ஆண்டுகளாகப் புதிய ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் இல்லை. 2019-லேயே வந்துவிடும் என்று குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பேட்டிகளில் சொல்லியும் வராமல்போனதில் பலர் நம்பிக்கையை விட்டிருந்தார்கள். ஆகவே அது கையில் கிடைத்தபோது, நன்றாக இருக்கிறதா என்று யோசிப்பதற்கு முன்பே மகிழ்ச்சி முந்திக்கொண்டது. 1992-இல் வந்த ‘விஷ்’ ஆல்பத்துக்குப் பிறகு முதல்முறையாக பிரிட்டன் தரவரிசையில் அவர்கள் முதலிடம் பிடித்ததில் அந்த மகிழ்ச்சிக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

மகிழ்ச்சி சற்று அடங்கிய பிறகு எழுந்த முதல் முறையீடு, பாடல்கள் தொடங்குவதற்கு நெடுநேரம் ஆகிறது என்பது. அது உண்மைதான். முதல் பாடலான ‘அலோன்’ தொடங்கி மூன்று நிமிடங்களுக்கு மேல் கடந்த பிறகே ஸ்மித்தின் குரல் வருகிறது. பத்து நிமிடங்களைத் தாண்டும் இறுதிப் பாடலான ‘எண்ட்சாங்’கில் குரலுக்காக ஆறு நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எட்டே பாடல்கள், ஏறத்தாழ 49 நிமிடங்கள் கொண்ட ஆல்பத்தில் இவ்வளவு நேரம் பாட்டே இல்லாமல் போகிறதே என்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் முதல் சில நாட்கள் நானும் அந்தப் பகுதிகளைத் தள்ளிவிட்டுக் குரல் வரும் இடத்திலிருந்துதான் கேட்டேன்.

அப்படிக் கேட்டது தவறு என்று புரியச் சில வாரங்கள் ஆயின. ஓர் இரவு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் முழு ஆல்பத்தையும் வரிசைப்படி கேட்டேன். ஜேசன் கூப்பரின் டிரம்ஸ் ஒவ்வோர் அடிக்கும் இடையில் தாராளமாக இடம் விட்டு நடக்கிறது. அதன் மேல் ரோஜர் ஓ’டானலின் கீபோர்ட் அகன்று விரிகிறது. இரண்டுக்கும் அடியில் சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் கரகரத்தபடி, விடாப்பிடியாக ஒரே பாதையில் சுற்றி வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்து ஓர் இழப்பின் கனத்தை முழுதாக நிறுவிய பிறகே ஸ்மித் வாய் திறக்கிறார். அவர் பாட வரும்போது துக்கத்தை விளக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை. கேட்பவர் ஏற்கெனவே அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். ‘அலோன்’ பாடலின் தொடக்க வரி நெடுநாள் பிடிபடாமல் இருந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் எர்னஸ்ட் டவ்சனின் ‘டிரெக்ஸ்’ என்ற கவிதை நினைவுக்கு வந்தபோதுதான் கிடைத்தது என்று ஸ்மித் சொல்லியிருக்கிறார். அவரே அவ்வளவு காத்திருந்து கண்டடைந்த வரிக்கு நாம் மூன்று நிமிடம் காத்திருப்பது அதிகமில்லை.

ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இது புதிய ஆல்பமாகவே இருக்கவில்லை. 2022 அக்டோபரில் லாட்வியாவின் ரீகா நகரில் தொடங்கிய சுற்றுப்பயணத்திலேயே ‘அலோன்’, ‘எண்ட்சாங்’ இரண்டும் மேடையேறிவிட்டன. அடுத்தடுத்த மாதங்களில் வேறு சிலவும் வந்தன. இரண்டு ஆண்டுகள் கச்சேரிப் பதிவுகளோடு வாழ்ந்தவர்கள் ஆல்பத்தைக் கேட்டதும் ஏமாற்றமடைந்தார்கள்: மேடையில் மூச்சு விட்ட பாடல்கள் ஸ்டுடியோவில் நெரிசலாக ஒலிக்கின்றன என்றார்கள். இந்த முறையீட்டில் நான் இன்றும் அவர்கள் பக்கம்தான். மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைக்கும் வேலை, மிகவும் உரக்கச் செய்யப்பட்டிருக்கிறது. கிட்டார், கீபோர்ட், டிரம்ஸ் எல்லாம் ஒரே உயரத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதால், ஹெட்ஃபோனில் இரண்டு முறை தொடர்ந்து கேட்டால் காது களைத்துவிடுகிறது. பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், சரியாகவில்லை. சற்றுத் தொலைவில் வைத்த ஸ்பீக்கரில், குறைந்த ஒலியளவில் கேட்பதே எனக்கு ஒத்துவருகிறது. வெளியீட்டு நாளன்று லண்டன் ட்ராக்ஸி அரங்கில் அவர்கள் முழு ஆல்பத்தையும் வாசித்த நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாக வந்தது. கேலப்பின் பேஸ் அங்கே எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைக் கவனித்தால் நான் சொல்வது விளங்கும்.

ஆல்பத்தின் நடுப்பகுதி பற்றிய கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. வீட்டின் மேல் பறந்த ஆளில்லா விமானத்தைக் கண்ட எரிச்சலிலிருந்து பிறந்த ‘ட்ரோன்:நோட்ரோன்’ பாடலில் ரீவ்ஸ் கேப்ரெல்ஸின் கிட்டார் சீறுவதைச் சிலர் மிகவும் விரும்புகிறார்கள். எனக்கு அதுவும் ‘வார்சாங்’கும் ஒட்டவில்லை. மாறாக, முதலில் பெரிதாகக் கவனிக்காத ‘ஆல் ஐ எவர் ஆம்’ மாதம் செல்லச்செல்ல வளர்ந்துகொண்டே போயிற்று. இப்போது நான் தனியாக எடுத்துக் கேட்கும் ஒரே பாடல் அதுதான்.

‘ஐ கேன் நெவர் சே குட்பை’ பற்றி ரசிகர்கள் பேசும் விதமே வேறு. ஸ்மித் தம் அண்ணன் ரிச்சர்டின் மறைவை ஒட்டி எழுதிய பாடல் அது. 2022-இல் போலந்தின் கிராக்கூஃப் நகரில் முதன்முதலாகப் பாடினார். ஒரு குழந்தைகூட வாசித்துவிடக்கூடிய எளிய பியானோ வரி திரும்பத்திரும்ப வருகிறது, அவ்வளவுதான். மற்றப் பாடல்களைப் பற்றி வாதிடுகிறவர்கள் இதற்கு வந்ததும் தங்கள் வீட்டுச் சாவுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். உடன்பிறந்தவரை இழந்த ஒருவர் இதை முழுதாகக் கேட்க முடியவில்லை என்றும், வேறொருவர் இதைக் கேட்டுத்தான் அழ முடிந்தது என்றும் சொல்லக்கூடும். இரண்டுமே பாடலுக்குக் கிடைத்த நேர்மையான பதில்கள். நான் இதை மாதம் ஒருமுறைக்கு மேல் கேட்பதில்லை. பழகிப்போய்ச் சாதாரணமாகிவிடக்கூடாது என்ற பயம்தான் காரணம்.

1989-இல் வந்த ‘டிஸின்டிகிரேஷன்’ ஆல்பத்தோடு இதை ஒப்பிடாத ரசிகரே இல்லை. மெதுவான நடை, நீண்ட முன்னிசை, கீபோர்டின் பரப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவைதாம். ஆனால் அந்த ஆல்பம் வெளிவந்தபோது ஸ்மித்துக்கு அப்போதுதான் 30 வயது நிறைந்திருந்தது. இளமை போகிறதே என்ற பதற்றம் அதில் இருக்கிறது. இங்கே பாடுகிறவருக்கு 65. தாய் தந்தையரும் அண்ணனும் போய்விட்டார்கள். ஆனாலும் குரல் மட்டும் ஏறத்தாழ அதே இளங்குரலாக இருப்பது பலரை வியக்க வைத்தது. எனக்கோ அதுவே இந்த ஆல்பத்தின் மிகவும் வலிக்கும் அம்சம். ‘எண்ட்சாங்’கில் அவர் இருட்டில் நின்று நிலவைப் பார்த்தபடி தம் சிறுவயதை நினைக்கிறார். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியபோது அவர் பத்து வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன் எங்கே போனான் என்று ஒரு முதியவர், அந்தச் சிறுவனின் சாயல் இன்னும் போகாத குரலில் கேட்கிறார்.

இதற்குத் துணையான இன்னோர் ஆல்பமும் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று 2024-லேயே ஸ்மித் சொன்னார். எப்போது வந்தாலும் காத்திருப்பேன். அதன் மாஸ்டரிங்கில் மட்டும் கேலப்பின் பேஸுக்குக் கொஞ்சம் காற்று விட்டிருந்தால் போதும்.