செல்லியின் கண் பீளையும் சலைன் குப்பிகளும்

எங்கள் செல்லி ஒன்பது வயது ஷிட்சு. இந்த இனத்து நாயை வளர்ப்பவர்களுக்கு அந்த முகத்தை விவரிக்கத் தேவையில்லை: சப்பை மூக்கு, ஆழமில்லாத குழியில் துருத்தி நிற்கும் பெரிய விழிகள், மூக்கின் மேலிருந்து நேரே விழியை உரசும் மயிர். காலையில் எழுந்ததும் அவள் கண்ணோரத்துப் பீளையைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. எட்டு மாதங்களாக அதற்குப் பயன்படுத்துவது, ஒருமுறை திறந்து பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டிய 5 மில்லி சலைன் குப்பிகள்.

உள்ளே இருப்பது கிருமிநீக்கம் செய்த 0.9 சதவீத உப்புக் கரைசல். வாசனை இல்லை, நிறம் இல்லை, கெடாமல் காக்கும் வேதிப்பொருள் இல்லை. கண்ணீரின் உப்புத்தன்மைக்கு நெருக்கமான அளவு என்பதால் விழியில் பட்டாலும் எரிவதில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கலவைப் பட்டியலில் சோடியம் குளோரைடு, நீர் என்ற இரண்டு மட்டும் இருந்தால் எல்லாம் ஒன்றுதான். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்தை மட்டும் இதற்கு மாற்றாக எடுத்துவிடாதீர்கள். அதில் லென்ஸைச் சுத்தம் செய்யும் பொருள்கள் கலந்திருக்கும்.

இதற்கு முன் வைத்திருந்தவை வாசனை போட்ட ஈரத்தாள்கள். துடைத்த மறுகணமே செல்லி முகத்தைத் தரைவிரிப்பில் தேய்ப்பாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடுவாள். பிடிவாதம் என்று நினைத்து அவளை அதட்டியிருக்கிறேன். சலைனுக்கு மாறிய முதல் வாரத்திலேயே அந்த ஓட்டமும் தேய்ப்பும் நின்றபோதுதான், அவளுக்கு எரிந்திருக்கிறது என்பது புரிந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் மூடி வைத்துக் குளிர்ச்சியைப் போக்குவேன். பிறகு காஸ் துணியை நனைத்து, காய்ந்த பொருக்கின்மேல் அரை நிமிடம் வைத்திருப்பேன். ஊறியபின் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. மறு கண்ணுக்கு வேறு துணி. பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து விழியில் ஒட்டிக்கொள்ளும். தூசி விழுந்திருந்தால் மட்டும் நேரே கண்ணில் விட்டுக் கழுவுகிறேன். அப்போது தலைக்குப் பின்புறமிருந்து கையைக் கொண்டுவந்தால் அவள் மிரளுவதில்லை. குப்பியின் முனை விழியில் படவே கூடாது. மூடியைத் திருகி முறிக்கும்போது சில குப்பிகளில் பிளாஸ்டிக் விளிம்பு கூராக நிற்கிறது. முறித்ததும் விரலால் தடவிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கண்ணுக்குக் கீழே படியும் செம்பழுப்புக் கறையைப் போக்கலாம் என்று எண்ணி இதை வாங்காதீர்கள். அது அழுக்கு அன்று. போர்ஃபிரின் என்ற நிறமி கண்ணீரில் கலந்து வந்து மயிரில் ஊறுகிறது. ஏறிய நிறத்தை உப்புநீர் வெளுக்காது. அந்த இடத்தை ஈரமில்லாமல் வைத்திருந்தால் புதிதாக முளைக்கும் மயிரில் கறை குறைகிறது, அவ்வளவுதான். உணவில் தூவும் கறைநீக்கிப் பொடிகளை நான் தொடுவதில்லை. டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த அத்தகைய பொருள்களை அனுமதியின்றி விற்றவர்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மயிரின் நிறத்துக்காக நாய்க்குத் தினமும் ஆன்டிபயாடிக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இனி என் தவறு. ஐந்தாம் மாதம் செல்லியின் வலது கண்ணில் மஞ்சளும் பச்சையுமாக, நூல்போல் இழுபடும் பீளை வரத் தொடங்கியது. பெட்டியில் "சிவந்த கண், பீளை, உறுத்தல் அனைத்துக்கும்" என்று அச்சிட்டிருந்ததை நம்பி, ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவினேன். கழுவியதும் ஒரு மணி நேரம் கண் பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துப் பார்த்தே ஒன்பது நாள் ஏமாந்தேன்.

கால்நடை மருத்துவர் கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் வைத்தார். 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் நனைந்தால் நல்லது. செல்லிக்கு இடக்கண்ணில் 11, வலக்கண்ணில் வெறும் 4. பிறகு சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தார். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிருமாம். நல்லவேளை, இல்லை. கண்ணீர்ச் சுரப்பிகளை அவளுடைய உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குவதால் கண் உலர்ந்துவிட்டது என்றார். கண்ணீர் வற்றிய கண்ணில் பீளை கூடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கண்ணீரில் நீரோடு எண்ணெய்ப் பசையும் கோழைப் பொருளும் சேர்ந்திருப்பதால்தான் அது விழியில் நிற்கிறது. உப்புநீர் நிற்பதில்லை; வழியும்போது மிச்சமிருந்த கொஞ்சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. நான் மூன்று வேளையும் செய்தது அதைத்தான்.

எதிர்ப்பாற்றலின் அந்தத் தாக்குதலை அடக்கும் சைக்ளோஸ்போரின் களிம்பு, நாளைக்கு இரண்டு முறை. ஏழு வாரம் கழித்து வலக்கண் 12 காட்டியது.

குப்பிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். துடைப்பதற்கு இதைவிட நல்ல பொருளை நான் பயன்படுத்தியதில்லை. ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது பெட்டியில் இருந்த அந்த வரிக்காக. பீளையின் நிறம் மாறினாலோ, நாய் கண்ணைச் சுருக்கினாலோ, பாதத்தால் தேய்த்தாலோ, விழிமேல் நீலமாக மங்கல் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். முன்பு எப்போதோ வாங்கிய சொட்டு மருந்தையும் எடுத்து விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போய்விடலாம்.

இப்போது காலையில் மட்டும் ஒரு குப்பி. பீளையைத் துடைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, பிறகு களிம்பு. அடுத்த பட்டைச் சோதனை வரும் மாதம்.