ராத்திரி மட்டும் கேமரா போகிறதா? டிவிஆரை மாற்றிவிடாதீர்கள்

வீட்டில் சிசிடிவி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள், நான் 5,500 ரூபாய் தண்டம் அழுத கதை.

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. நான்கு கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் ஒன்று. ஏரியாவில் கடை வைத்திருக்கும் ஒருவர்தான் இரண்டு வருடம் முன்பு போட்டுக் கொடுத்தார். போன மாதம் தொல்லை ஆரம்பித்தது. பகலெல்லாம் படம் பளிச்சென்று இருக்கும், சாயங்காலம் ஆறரை தாண்டினால் கேட் கேமராவும் கொல்லைப்பக்கக் கேமராவும் அவுட், திரையில் ‘வீடியோ லாஸ்’. திருடன் வருகிற நேரம் பார்த்துத் தூங்கப் போகிற காவல்காரன் மாதிரி.

கடைக்காரர் காலை 11 மணிக்கு வந்தார், அப்போது நான்குமே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிடம் மவுஸை ஆட்டிவிட்டு, “டிவிஆர் போர்ட் வீக் சார், மாத்தினாதான் சரியாகும்” என்றார். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புதியதற்கு 5,500 வாங்கினார். ஹார்டு டிஸ்க்கைக் கேட்காமலேயே ஃபார்மட் போட்டதில் இருபது நாள் பதிவும் போச்சு. அன்று சாயங்காலம் 6.40க்கு மறுபடி அதே இரண்டும் அவுட். போன் செய்தால், “அப்போ கேமராதான் சார் போயிருக்கும், ரெண்டையும் மாத்திடலாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மச்சான் வந்தான். தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். இருட்டினதும் டிவிஆரின் பின்னால் கேட் கேமராவின் பிஎன்சியை (வீடியோ வயர் முனையிலுள்ள பின்னை) கழற்றி நன்றாக ஓடும் முதல் போர்ட்டில் செருகினான், படம் வரவில்லை. முதல் கேமராவைக் கேட் போர்ட்டில் செருகினான், வந்தது. ஆக போர்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. இதைப் பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்!

மறுநாள் பகலில் ஏணி போட்டு ஏறி, கேமரா முகத்தை உள்ளங்கையால் பொத்தினான். இரவாகிவிட்டது என்று அது நம்பி ‘டிக்’ என்றது, இருட்டில் படம் எடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் மங்கலான சிவப்பில் எரிந்தன, உள்ளே டிவி முன்னால் நின்ற என் மகள் “போயிடுச்சு” என்று கத்தினாள். ஐஆர் எரியும்போது கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும், வயர் மட்டமாக இருந்தால் வோல்டேஜ் அங்கேயே இறங்கிவிடும். கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 12.1 வோல்ட் காட்டிய மல்டிமீட்டர், 35 மீட்டர் தள்ளி கேமரா முனையில் 10.6 காட்டியது; கையால் பொத்தினதும் 8.2.

அப்புறம் வயரைக் கத்தியால் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். என் பில்லில் ‘காப்பர் 3+1 கேபிள்’ (படமும் கரண்டும் சேர்ந்து போகிற வயர்) என்று போட்டிருக்கிறது. புதிதாகப் போடுபவர்கள் வயரைச் சுவரில் அடிப்பதற்கு முன்பே ஒரு துண்டு வாங்கிச் சுரண்டிப் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், எனக்கு அவர் வெறும் யூசர் ஐடிதான் கொடுத்திருக்கிறார், தேதி மாற்றக்கூட அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கேட் பக்கத்தில் பிளக் இருந்ததால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் வாங்கி அங்கேயே பெட்டிக்குள் வைத்தோம். கொல்லைப்பக்கத்துக்கு பவருக்கு மட்டும் தனியாக நல்ல காப்பர் வயர் இழுத்தோம். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான், இரண்டு வாரமாக இரவிலும் ஓடுகிறது.

பழைய டிவிஆரைத் திருப்பிக் கேட்டேன். “அதை வேற ஒரு வீட்ல மாட்டிட்டேனே சார்” என்கிறார்.