கூடாரத்தோடு கிளம்பினால் குமணவா, கல்லோயாவா?

மட்டக்களப்பிலிருந்து பிள்ளைகளையும் கூடாரத்தையும் வானில் ஏற்றிக்கொண்டு, பெரிய திட்டம் எதுவுமில்லாமல் கிளம்புவதென்றால், இந்த இரண்டு தேசியப் பூங்காக்களில் என் ஓட்டு குமணவுக்குத்தான். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஏ4 வீதி நெடுகிலும் ஊர்கள். பசித்தால் நிறுத்தக் கடைக்குப் பஞ்சமில்லை. பெற்றோலைப் பொத்துவிலிலேயே நிரப்பிவிடுங்கள். பாணமை தாண்டினால் முட்பற்றையும் மொட்டைப் பாறைகளும்தான், தண்ணீர்ப் போத்தல்கூடக் கிடைக்காது. உகந்தை முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பூங்கா வாசல். மே, ஜூனில் குமண வில்லு என்ற இயற்கைக் குளத்தில் பறவைகள் கூடு கட்டும். ஆடிவேல் காலத்தில் கதிர்காமத்துக்கு நடந்துபோகும் கூட்டம் நிறைந்துவிடும். அமைதி தேடுபவர்களுக்கு அது சரிவராது.

1954இல் பூங்காவான கல்லோயாவில் ஜீப்பைவிடப் படகுதான் விசேஷம். சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் தும்பிக்கை நுனி மட்டும் மேலே தெரிய, யானை தீவுக்குத் தீவு நீந்தும். அதைக் கண்டால் வாயாடிப் பிள்ளையும் கப்சிப். ஆனால் இங்கினியாகலையில் படகை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் யோசியுங்கள், வெயில் பொல்லாதது.

இரண்டு பூங்காவுக்குள்ளும் கூடாரம் அடிக்க வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் குமண போகிறவர்களுக்கு அறுகம்குடாவில் எந்த விலைக்கும் அறை உண்டு. இங்கினியாகலையில் தெரிவு குறைவு, பெரும்பாலும் அம்பாறை நகருக்கே திரும்ப வேண்டியிருக்கும்.